லிக்னினுக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள் வேண்டும்

மன்னார்குடி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டுக் கையேட்டில் 'சருகு மக்குதலும் தட்பவெப்பமும்' என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் மழையிலேயே கரைந்து ஓடுவது சர்க்கரை, அடுத்துச் செல்சுவரின் நார்ப்பொருளான செல்லுலோஸ், கடைசிவரை அடம்பிடிப்பது தாவரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்னும். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் கட்டிவிட்டால் காற்றோட்டம் போய், லிக்னின் அப்படியே கிடக்கும். பத்திக்குப் பத்தி வருகிற இந்த லிக்னினைத் தமிழில் என்னவென்று எழுத?

திருவையாறு புலவர்:
அம்மா, கையில் வெண்ணெய் இருக்கிறதே! 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். காழ் என்றால் வயிரம், அதாவது தண்டில் முற்றி இறுகிய பகுதி. லத்தீனில் லிக்னம் என்றாலும் மரக்கட்டைதான். ஆகவே காழ்மம். 'களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து' என்கிறது குறள் 879. மனத்தில் வயிரம் பாய்ந்தால் அது காழ்ப்பு. நிற்க, மக்குதல் கொச்சை. மட்குதல் என்று திருத்துங்கள்.

வலங்கைமான் விவசாயி:
ஐயா, நான் வயலில் தழை மிதிக்கிறவன். புங்கந்தழையும் வாதநாராயணனும் சேற்றில் சீக்கிரமே குழைந்துவிடும். அந்த இலையில் ஏது வயிரம்? காழ்மம் என்றால் பிள்ளைகள் கருங்காலிக் கட்டையைத்தான் நினைப்பார்கள். வெட்கமே வெக்கம் ஆகிவிட்டது, மட்குதல் மக்கினால் என்ன? குப்பை வண்டியிலேயே 'மக்கும் குப்பை' என்றுதான் எழுதியிருக்கிறது.

தஞ்சை வேதியியல்:
இலையிலும் உண்டு அண்ணே. அரசிலையைத் தொட்டியில் ஊறப்போடுங்கள். பச்சை வழுவழுத்துக் கழன்றபின் மிஞ்சுகிற நரம்புவலையைத் தாங்குவதில் லிக்னினுக்குப் பெரும்பங்கு. சொல் பொருத்தம்தான். ஆனால் செல்லுலோஸை விட்டுவிட்டு இதற்கு மட்டும் பெயர் சூட்டுவானேன்? பள்ளியில் லிக்னின் என்றே படித்து வந்தவர்கள் இவர்கள்.

திருவையாறு புலவர்:
செல்லுலோஸையும் விடுவதாக யார் சொன்னது?

கும்பகோணம் மெய்ப்புத் திருத்துநர்:
ஐயா, தயவுசெய்து அதை அடுத்த பதிப்புக்கு வையுங்கள். என் வாக்கு லிக்னினுக்கு.

மன்னார்குடி ஆசிரியை:
மூன்று பேர் லிக்னின் பக்கம். அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் காழ்மம் சேர்த்துக் கோப்பை அனுப்பிவிட்டேன். மக்குதல் மக்குதலாகவே இருக்கிறது. ஐயா பொறுத்தருள்க.

திருவையாறு புலவர்:
மட்குதலை நான் விடுவதாக இல்லை. குளத்தில் சருகு விழுந்து தண்ணீரைச் செம்பழுப்பாக்குகிற டானினுக்குத் துவர்மம் என்று வைத்திருக்கிறேன். விரிவாக நாளை.