செத் – அக்த் கடலோரப் பாதையில் பின்சக்கரம் ஓயாமல் பஞ்சர், கூடவே எதிர்க்காற்று. உதவி தேவை

லியோன்சைக்கிள் எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும் தென் பிரான்சில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். மோன்பெலியேயில் ரயிலை விட்டு இறங்கி, செத் வழியாகக் கடலை ஒட்டியே வந்து, இப்போது அக்த் பக்கத்தில் ஒரு கேம்பிங்கில் தங்கியிருக்கிறோம். இங்கிருந்து கனால் து மிதி கால்வாய்க்கரையைப் பிடித்து பெசியே, கார்க்கசோன், கடைசியில் துலூஸ் என்பது திட்டம்.

செத்தைத் தாண்டியதிலிருந்து என் பின்சக்கரம் ஓயாமல் பஞ்சர் ஆகிறது. டயர் 32 மில்லிமீட்டர், கிளம்பும் முன்புதான் புதிதாகப் போட்டது. டியூபை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்குகிறது. சில சமயம் இரவு கெட்டியாக இருந்துவிட்டு காலையில் பார்த்தால் சப்பையாகக் கிடக்கிறது. ஓட்டை குண்டூசி முனை அளவுதான், கண்ணுக்கே தெரிவதில்லை, பாத்திரம் கழுவும் தொட்டியில் முக்கிக் குமிழி வந்தால்தான் இடம் புரிகிறது. மனைவியின் வண்டியில் 40 மில்லிமீட்டர் தடித்த டயர், அதிலும் பஞ்சர் உண்டு, ஆனால் குறைவு. ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் முனை குத்துகிறதோ என்று பிரித்துப் பார்த்தேன், டேப் சரியாகத்தான் இருக்கிறது.

இதோடு காற்று வேறு. வடமேற்கிலிருந்து இரவு பகலாக அடிக்கிறது, நாங்கள் போக வேண்டியதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். இன்னும் சில நாள் இப்படியே இருக்கும் என்கிறது வானிலை அறிக்கை. இன்று திங்கள், சைக்கிள் கடை மூடியிருக்கிறது. கையில் ஒரு நல்ல டியூப், ஒட்டுப் பெட்டி, சின்ன பம்ப். டயரை மாற்றுவதா, வழியை மாற்றுவதா? அவளுக்கு இந்தப் பயணம் ரொம்ப நாள் ஆசை, பாதியில் விட்டுவிட்டு ரயில் ஏற மனமில்லை.

பஞ்சர்பெட்டி எழுதியது:

தம்பி, முதலில் ஓட்டை டியூபின் எந்தப் பக்கம் என்று பாருங்கள், அதுதான் காரணத்தைச் சொல்லும். ரிம்மைத் தொடும் உள்பக்கம் என்றால் ரிம் டேப் அல்லது ஸ்போக். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்று குறைவாக வைத்துக் கல்லில் இடித்தது. வால்வு அடியில் என்றால் வால்வை ஆட்டி ஆட்டிக் கிழிந்தது. தரையைப் பார்க்கும் வெளிப்பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பி, இவற்றில் ஒன்று. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முள்.

அப்புறம், டியூபை மாற்றியும் திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால் பழைய முள்ளின் முனை டயருக்குள்ளேயே உடைந்து நிற்கிறது. வெளியிலிருந்து தெரியாது, விரலால் வேகமாகத் தடவினாலும் படாது. காற்று நிறைந்து பாரமும் ஏறினால்தான் ரப்பர் அமுங்கி அந்த முனை உள்ளே நீளும், டியூபைத் தொடும். காலையில் சப்பை ஆவதற்கும் அதுதான் காரணம், ஓட்டை அவ்வளவு சின்னது.

செய்ய வேண்டியது: டயரை முழுதாகக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். ஒரு துண்டுப் பஞ்சை, இல்லையென்றால் பழைய மெல்லிய சாக்ஸை, உள்சுவர் முழுக்க மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள், இரண்டு திசையிலும். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முனை இருக்கிறது. வெளிப்பக்கம் அந்த இடத்தை விரலால் வளைத்தால் ரப்பரில் சின்னக் கறுப்புப் புள்ளி தெரியும், அதை ஊக்கால் கிளறி, ட்வீசரால் பிடுங்குங்கள். ட்வீசர் இல்லையென்றால் நகவெட்டியால் கவ்வி இழுக்கலாம், வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கிடைத்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், முழு வட்டமும் பாருங்கள்.

டியூபை ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, அது பளபளப்பு போய்க் காயும் வரை பொறுக்க வேண்டும். ஐந்து நிமிடமாவது. ஈரத்தில் ஒட்டினால் அந்த ஊர் வெயிலுக்கு நிற்காது. சொல்யூஷன் இல்லாமல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் பட்டைகளை நம்பாதீர்கள், சூட்டில் உரிந்துவிடும். இனிமேல் டயரின் பெயர் அச்சடித்த இடம் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் ஓட்டை கண்டதும் டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்று உடனே தெரியும்.

துலூஸ்வாசி எழுதியது:

பஞ்சர்பெட்டி அண்ணா சொன்னது முழுக்கச் சரி. முள் எது என்று நான் சொல்கிறேன். அது நெருஞ்சி. நம் ஊரில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்குமே, அதே செடிதான், அதே இனம். இந்தக் கடற்கரை மணலும் வெயிலும் அதற்குப் பிடித்தமானவை. காய் முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் இரண்டு நீள முள், இரண்டு குட்டை முள். தரையில் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் இதற்கு உச்சம்.

செத்துக்கும் மார்செயானுக்கும் நடுவே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தோ உப்பங்கழி, இடையில் அந்த நீளமான மணல் திட்டு. அங்கே சைக்கிள் பாதை நன்றாகவே இருக்கிறது, பாதைக்குள் ஓட்டும்வரை பயமில்லை. குளிக்கலாம் என்று ஓரத்து மணலில் வண்டியை உருட்டிக்கொண்டு போகிறோமே, அங்கேதான் ஏறும். வாகன நிறுத்தத்தின் விளிம்பு, கேம்பிங் வாசல் புல்தரை, கால்வாய்க்கரையின் காய்ந்த ஓரம் எல்லாம் அப்படித்தான். கூடாரத்துக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்க்கும் முன் தரையைப் பாருங்கள், முடிந்தால் அந்தக் கடைசி நூறு மீட்டரைத் தூக்கிக்கொண்டு போங்கள். செருப்பின் அடிப்பகுதியையும் பாருங்கள், அதிலும் ஒட்டியிருக்கும்.

காற்றைப் பற்றி. உங்களுக்கு அடிப்பது ‘த்ராமோந்தான்’ என்ற காற்று. பிரனே மலைக்கும் மாசீஃப் சாந்த்ரால் மேட்டுக்கும் நடுவே துலூஸ் பக்கத்திலிருந்து கடலை நோக்கி ஒரு தாழ்ந்த வழி இருக்கிறது, அதற்குள் நெருக்கிப் பிழிந்துகொண்டு வரும் காற்று. நர்போன் பக்கம் இன்னும் கடுமை. லெயூகாத், க்ரூயிசான் கடற்கரைகளுக்குக் காற்றுப் பலகை விளையாடுபவர்கள் தேடி வருவதே இதற்காகத்தான். பையும் கூடாரமும் கட்டிய வண்டியில் அதை எதிர்த்து மிதிப்பது வீண் பாடு. திட்டத்தைக் கைவிட வேண்டாம், திருப்பிப் போடுங்கள். அக்த்திலிருந்து பிராந்திய ரயிலில் கார்க்கசோன் போய்விடுங்கள், சைக்கிளைக் கழற்றாமலே ஏற்றலாம், சில வண்டிக்கு நர்போனில் மாற வேண்டியிருக்கும். கோடையில் கூட்டம் அதிகம், காலை முதல் வண்டி நல்லது. அங்கிருந்து கால்வாயோடு பெசியே வரை நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காற்று முதுகில் இருக்கும்.

லியோன்சைக்கிள் எழுதியது:

கிடைத்துவிட்டது! சாக்ஸை இழுத்துக்கொண்டே வந்தேன், வால்வுக்கு எதிர்ப்பக்கம் நூல் மாட்டியது. வெளியே ஒரு புள்ளி, கிளறினால் மரத்துண்டு போல வெளுத்த முனை, அரிசி நுனி அளவு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று. மனைவி அவள் டயரைத் திருப்பிப் பார்த்தாள், அதில் முழு முள்ளே பதிந்திருக்கிறது, ரப்பர் தடிமன் அதிகம் என்பதால் உள்ளே எட்டவில்லை. இருவருக்கும் மிகவும் நன்றி. மாலையிலிருந்து டயரில் காற்று இறங்கவில்லை.

ரயில் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் கால்வாய்க்கரை எப்படி? 32 டயருக்கு ஒத்துவருமா?

மலைப்பாதை எழுதியது:

இங்கே நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். துலூஸ் பக்கத்து ஐம்பது கிலோமீட்டர் தார் போட்ட வழி, யாரும் போகலாம். ஆனால் கார்க்கசோனுக்குக் கிழக்கே த்ரேப்பைத் தாண்டி ஓம்ஸ் வரையில் பல இடங்களில் ஒற்றையடிப் பாதை, குறுக்கே பிளேன் என்ற நிழல் மரங்களின் வேர். மழை பெய்தால் சேறு. அந்த நிழலை நம்பியும் போகாதீர்கள். கால்வாய்க்கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் தெரியவந்து, அதற்கு மருந்தில்லாமல் வெட்டி வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. வேறு மரக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள், அவை வளர வேண்டும். முந்நூறு வருடத்துக்கு மேலான கால்வாய் அது, ரிக்கே என்பவர் தன் சொத்தையெல்லாம் போட்டுக் கட்டியது, 1681இல் திறந்தார்கள், அவர் அதைப் பார்க்கவில்லை, முந்தின வருடமே இறந்துவிட்டார். அந்த மரங்கள் இல்லாத கரையைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஓம்ஸிலிருந்து கிழக்கே நிலைமை பரவாயில்லை, பராசாவில் 1676இல் கட்டிய கால்வாய்ப் பாலம், ல சொமாய் கிராமம், மல்பாஸ் சுரங்கம், பெசியே வாசலில் ஃபோன்செரான் படிக்கட்டு மதகுகள், இவை எல்லாமே பார்க்க வேண்டியவை. கரை மோசமாக இருக்கும் இடத்தில் பக்கத்து திராட்சைத் தோட்டச் சின்னச் சாலைகளில் ஏறிக்கொள்ளுங்கள், கிராமத்துக்குக் கிராமம் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால், காற்று இப்படி இருக்கும்போது உள்நாட்டுப் பக்கம் போங்கள். பெசியேயிலிருந்து பெதாரியூவுக்கு ரயில், வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள், பாசாபாயீஸ் என்று பெயர், மசாமே வரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் எங்கேயும் மெதுவாகத்தான் வரும், இறுகிய சரளை, 32 டயர் தாங்கும். முழுதும் போக வேண்டாம். கரூ மலையடிவாரத்தில் மோன் வரை போய், அங்கே இறங்கி ஓர்ப் ஆற்றோடு வியூசான், ரொக்ப்ரன், செசனோன் வழியாகப் பெசியே திரும்புங்கள். ஆறு கடலை நோக்கிப் போகிறது, நீங்களும் அதோடு போகிறீர்கள், பெரும்பாலும் காற்றும் துணை. ரொக்ப்ரன்னில் ஆற்றில் குளிக்கலாம், அங்கே சரளைக்கல் கரை.

டயர் விஷயம்: உள்ளே 5 மில்லிமீட்டர் பாதுகாப்புப் பட்டை உள்ள ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் போன்றது போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். கனம்தான். உங்கள் பயணம் முடியப்போகிறது என்றால் இப்போது வாங்க வேண்டாம். செவ்வாய் கடை திறந்ததும் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம் வாங்கி, கழற்றக்கூடிய வால்வு உள்ள டியூபில் ஊற்றிவிடுங்கள். நெருஞ்சி ஓட்டைக்கு அது போதும்.

துலூஸ்வாசி எழுதியது:

ஓர்ப் பள்ளத்தாக்கு நல்ல யோசனை, நான் அதை மறுக்க மாட்டேன். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். காற்று பலமாக உள்ள நாட்களில் பைன் காட்டுக்குள் போகாதீர்கள், சில காட்டு வழிகளை அன்றன்று மூடுவார்கள், மாவட்ட அறிவிப்பைக் காலையில் பாருங்கள். 2025 ஆகஸ்ட்டில் கோர்பியேர் மலைப் பக்கம் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது, காற்றுதான் அதைத் தள்ளிக்கொண்டு போனது. கேஸ் அடுப்பை கேம்பிங்குக்கு வெளியே பற்றவைக்கவே வேண்டாம். புகை கண்டால் 112க்கு அழையுங்கள்.

அடுத்தது தண்ணீர். கிராமத்துக் கடைகள் பன்னிரண்டரைக்கு அடைத்தால் மூன்று, நான்கு மணி வரை திறக்காது. பாட்டில் காலி என்றால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலில் பெரும்பாலும் குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று பலகை இல்லை என்றால் பிடித்துக்கொள்ளலாம்.

லியோன்சைக்கிள் எழுதியது:

இரவு இரண்டு பேரும் வரைபடத்தை விரித்துப் பேசினோம். நாளை கடை திறந்ததும் திரவம், இன்னொரு டியூப், பிறகு பெசியே வரை ரயில், அங்கிருந்து பெதாரியூ. அவள் ஆற்றுக்குளியல் என்றதும் சரி என்றுவிட்டாள். கால்வாயில் பெசியே பக்கத்துப் பகுதியை மட்டும் கடைசி நாளில் பார்க்கிறோம். ஒரே ஒரு கேள்வி: திரவம் ஊற்றிய டியூபில் முள் ஏறினால் பிடுங்கலாமா, அப்படியே விடலாமா?

பஞ்சர்பெட்டி எழுதியது:

பிடுங்குங்கள். பிடுங்கியதும் ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள், திரவம் அங்கே இறங்கி அடைத்துவிடும். பிறகு காற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். திரவம் இல்லாத டியூப் என்றால் மட்டும், ஒட்டுவதற்குத் தயாராக உட்கார்ந்த பிறகு பிடுங்குங்கள், அதுவரை அந்த முள்ளே பாதிக் காற்றைத் தடுத்து வைத்திருக்கும்.