அம்மாச்சி சொன்ன பூண்டு விவசாயத்தை ஏஐயில் போட்டு மாற்றிவிட்டார்கள், எப்படி நிரூபிப்பது?

பூம்பாறைக்காரி:

வணக்கம். எங்களுக்குக் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறையில் கொஞ்சம் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. போன வருடம் எங்கள் அம்மாச்சி சொல்லச் சொல்ல, மலைப்பூண்டு ஊன்றுவது, பறிப்பது, விதைப்பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவது எல்லாவற்றையும் நாலு ராத்திரி உட்கார்ந்து எழுதி முகநூலில் போட்டேன். இருநூறு பேர் படித்திருந்தால் அதிகம். அம்மாச்சி பெயர் எழுத்தில் இருக்கட்டும் என்றுதான் போட்டது.

போன வாரம் ஒரு விவசாயப் பக்கத்தில் அதே விஷயம் வந்திருக்கிறது. ஒரு வரிகூட அப்படியே என்னுடையது இல்லை, ஆனால் எதற்குப் பின்னால் எது என்கிற வரிசை என்னுடையது, உதாரணங்கள் என்னுடையவை. "பல்லைக் கையில் உருட்டிப் பார், கனம் இல்லையென்றால் குழம்புக்குப் போடு" என்று அம்மாச்சி சொன்னது "தரமான விதைப்பற்களைத் தேர்ந்தெடுப்பது மிகவும் முக்கியமானது" என்று ஆகிவிட்டது. அம்மாச்சி பெயர் எங்கேயும் இல்லை. அது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போய்விட்டதால், இப்போது ஒருவர் என் பதிவுக்குக் கீழே வந்து 'அங்கிருந்து எடுத்தீர்களா?' என்று கேட்கிறார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஏஐ எழுதியதா என்று சொல்லும் ஒரு தளத்தில் அதைப் போட்டேன், ஏஐ என்றது. சரி என்று என்னுடையதையும் போட்டேன், அதையும் ஏஐ என்கிறது! இனி எதை வைத்து நிரூபிப்பது?

கோத்தகிரி டீச்சர்:

அந்தத் தளத்தின் முடிவை யாரிடமும் ஆதாரமாகக் காட்டாதீர்கள், உங்கள் பக்கமே திரும்பும். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் செய்த சோதனையில், ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று சொன்னது. துல்லியம் போதாது என்று ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். இது ஆங்கிலத்தில். தமிழுக்கு இந்தக் கருவிகளை நம்பி ஒருவரைக் குற்றம் சொல்வது ரொம்பத் தப்பு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் படுக மொழி பேசுகிற ஒரு பிள்ளை, அவளுக்குத் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. அவள் எழுதிய ஆங்கிலக் கட்டுரையைக் கருவி ஏஐ என்றது, நான் நம்பி அவள் அம்மாவை வரச் சொல்லிவிட்டேன். மறுநாள் ரஃப் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள், பக்கம் பக்கமாக அடித்து அடித்து எழுதியிருந்தாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வைப் படித்தேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டதில், சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ என்று வந்திருக்கிறது. அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைத்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் அளக்கின்றன. எளிய சொற்களில் எழுதுகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்களிடம் ரஃப் நோட்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா? அம்மாச்சி பேசியதைப் போனில் பதிவு செய்தீர்களா?

தாண்டிக்குடி காபி:

அக்கா, நானும் ஏஐ பயன்படுத்துகிறவன்தான், அதனால் கேட்கிறேன். எனக்குப் பேச வரும், எழுதினால் ஒற்றுப்பிழை சந்திப்பிழை எல்லாம் வரும். நான் எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொல்வேன், திருத்தியது ஏஐ என்று கீழே போட்டுவிடுவேன். இதுவும் திருட்டா? ஒரு தடவை காபி பழம் உலர்த்துவது பற்றிக் கொடுத்தேன், நான் சொல்லாத உர அளவு ஒன்றை நடுவில் சேர்த்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து அதைப் பற்றிக் கேட்ட பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து வரிவரியாகப் படிக்காமல் போடுவதில்லை.

வத்தலக்குண்டு குமாஸ்தா:

தாண்டிக்குடி தம்பி, உங்கள் சரக்கை நீங்கள் திருத்துகிறீர்கள், அதைச் சொல்லவும் செய்கிறீர்கள். அதில் என்ன திருட்டு.

பூம்பாறைக்காரி அவர்களுக்கு: நான் வக்கீல் இல்லை, வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய நிமிடமே உரிமை வந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதியவர் நான்தான் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. ஆனால் பூண்டை எப்போது ஊன்ற வேண்டும் என்கிற தகவல் யாருக்கும் சொந்தமில்லை, சொன்ன விதம்தான் சொந்தம். அதற்காகச் சொல்லை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றும் இல்லை. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம், இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றுகிறதா என்பதைத்தான் சோதனையாக வைத்தது.

வரைபடம் போடுகிறவர்கள் இல்லாத தெரு ஒன்றை வேண்டுமென்றே வரைந்து வைப்பதுண்டு, காப்பியடித்தவர் வரைபடத்திலும் அது இருந்தால் கதை முடிந்தது. உங்கள் பதிவில் அப்படி ஒரு தெரு இருக்கிறதா பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஏதாவது ஒன்று.

பூம்பாறைக்காரி:

இருக்கிறது! நேற்று ராத்திரி இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தேன். 'மேற்கே மூணு வரிசை விட்டுத்தான் ஊன்றணும்' என்று அம்மாச்சி சொன்னதாக எழுதியிருக்கிறேன், காரணம் எழுத மறந்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் காட்டெருமை இறங்குகிற தடம் அந்தப் பக்கம், மிதித்தால் மிதித்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா விடுகிற இடம், அவ்வளவுதான். அந்த விவசாயப் பக்கத்தின் பதிவில் 'கொடைக்கானல் விவசாயிகள் மேற்குத் திசையில் மூன்று வரிசை இடைவெளி விடுகின்றனர், இது ஈரக்காற்றிலிருந்து பயிரைப் பாதுகாக்கிறது' என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஊரிலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. இல்லாத காரணத்தை அதுவே கட்டிவிட்டது.

டீச்சர், போனில் அம்மாச்சி பேசியது நாற்பது நிமிடம் தேதியோடு இருக்கிறது, காட்டெருமை பற்றிப் பேசுவதும் அதில் இருக்கிறது.

ஆனால் மனசு வேறு இடத்தில் நிற்கிறது. அந்தப் பதிவின் கீழே மன்னவனூர்த் தம்பி ஒருவர், இதைப் படித்து இந்தப் போகத்தில் மேற்கே மூன்று வரிசை விட்டிருக்கிறேன், போதுமா என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஆள் இல்லை. அரைக் குழி நிலம்கூட வீணாக விட முடியாதவர்கள் நாங்கள் எல்லாரும். அம்மாச்சியிடம் சொன்னேன். 'உன் வழக்கை அப்புறம் பார், அந்தப் பையனை முதலில் ஊன்றச் சொல்' என்றார்.

அவருக்கு எழுதிவிட்டேன். இன்னும் பல் மிச்சம் இருக்கிறதாம், நாளைக்கு ஊன்றிவிடுகிறேன் என்றார். புகார் இன்று ராத்திரி அனுப்புகிறேன், அம்மாச்சி குரலையும் சேர்த்து.