ஊரின் பழைய களஞ்சியத்தைப் பொது மன்றமாக்க எண்ணுகிறோம்: உண்மையான உள்ளூர்த் தேவையை எப்படிக் கணிப்பது?

கேள்வி (எசெக்ஸ்வாசி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் எசெக்ஸ் கவுண்டியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊரின் நடுவே, ஓக் மரச்சட்டங்களால் எழுப்பப்பட்ட பழைய தானியக் களஞ்சியம் ஒன்று நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. அது சட்டப் பாதுகாப்புள்ள பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் உள்ளது. அதை ஊருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட உரிமையாளர் இசைந்திருப்பதால், பாரிஷ் கவுன்சில் (நம் ஊராட்சி போன்ற உள்ளூர் அமைப்பு) ஒரு குழுவை அமைத்துள்ளது. உள்ளூரில் இதற்குத் தேவை உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

கோடை விழாவில் குழுவினர் மேசை போட்டு மக்களிடம் கருத்துக் கேட்டபோது, கிட்டத்தட்ட எல்லோருமே திறக்க வேண்டும் என்றார்கள். யோகா, ஓவியம், உழவர் சந்தை, திருமண வரவேற்பு என்று பட்டியலும் நீண்டது. எனக்கோ அதில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. ஊரில் ஏற்கெனவே ஒரு மன்றமும் (வகுப்புகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வாடகைக்கு விடும் பொதுக் கூடம்), தேவாலயத்தை ஒட்டிய கூடமும் இருக்கின்றன. வீடு வீடாக வினாத்தாள் கொடுக்கலாம் என்கிறார்கள். நிதி வழங்கும் அமைப்புகள் ஏற்றுக்கொள்ளும்படியும், நாமே நம்பும்படியும் இந்த ஆய்வை எப்படி நடத்துவது? மன்றம் நடத்திய அனுபவமோ மரபுக் கட்டடங்களில் பழக்கமோ உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (மன்றப் பொருளாளர்)

வணக்கம். வேறொரு கவுண்டியில் ஊர் மன்றம் ஒன்றின் கணக்கைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். விழா மேசையில் கிடைத்த பதில்களைத் தேவை என்று கொள்ளாதீர்கள். அவை நல்லெண்ணம் மட்டுமே. பழைய களஞ்சியத்தைத் திறக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? வினாத்தாள் அனுப்புவதாக இருந்தால், வருவீர்களா என்று எதிர்காலத்தைக் கேட்காமல், கடந்த மாதம் எந்த வகுப்புக்கு, எந்த ஊருக்கு, என்ன கட்டணம் கொடுத்துப் போனீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். வாரந்தோறும் பைலேட்டீஸ் உடற்பயிற்சி வகுப்புக்காகப் பக்கத்து நகரம் வரை கார் ஓட்டிச் செல்பவர் ஒருவரின் பதில், ஆதரவுக் கையெழுத்துகள் நிறைந்த ஒரு முழுத்தாளைவிடப் பெறுமதியானது.

வினாத்தாளுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் உள்ள மன்றங்கள், கூடங்கள், பள்ளி அரங்குகள் ஆகியவற்றின் முன்பதிவு நாட்குறிப்புகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஊர்களில் வாரநாள் மாலைகள் நிரம்பியும், பகற்பொழுதுகள் காலியாகவும் இருக்கும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றால், பகலில் இன்னொரு கூடத்தைத் திறப்பதால் காலி நேரம்தான் இரட்டிப்பாகும். நாட்குறிப்பில் பதிவானவற்றைவிட முக்கியமானது, பதிவாகாமல் போனது. இடமில்லை என்று செயலாளர் திருப்பி அனுப்பிய மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்குங்கள்: யார் கேட்டார்கள், எந்தக் கிழமை, எத்தனை பேருக்கு, ஏன் முடியாமல் போனது. தேவைக்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது.

இதைப் பார்க்காமல் விட்டால் வேறொரு சிக்கலும் வரும். இருக்கிற மன்றத்தின் வாடிக்கையாளர்களைப் புதிய இடம் இழுத்துக்கொண்டால் இரண்டுமே நலியும். நிதி வழங்குவோர் இதைத் துருவிக் கேட்பார்கள். ஆகவே அந்த மன்றத்தின் நிர்வாகிகளை எதிர்த்தரப்பாக நினைக்காமல் தொடக்கத்திலேயே குழுவுக்குள் அழைத்துவிடுங்கள். கவுண்டியின் ஊரகச் சமூக அமைப்பில் ஊர் மன்றங்களுக்கென்று ஆலோசகர் இருப்பார், அவரிடமும் பேசுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வயது, குடும்ப அமைப்பு, கார் வசதி ஆகிய விவரங்களைச் சிறு பகுதி அளவில் இலவசமாகவே எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: கடைசிக் கணக்கெடுப்பு 2021 மார்ச் 21 அன்று, பொதுமுடக்கத்தின்போது நடந்தது. எத்தனை பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள் என்ற எண்ணை மட்டும் அதிலிருந்து அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி (மரபுக் கட்டடப் பொறியாளர்)

பொருளாளர் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் தேவை ஒருபுறம் இருக்க, இந்தக் கட்டடத்தால் நிறைவேற்றக்கூடிய தேவை எது என்பது தனிக் கேள்வி. எதிரெதிரே உள்ள இரண்டு பெருங்கதவுகளுக்கு நடுவில் நின்று பாருங்கள். இடையில் இருப்பது கதிரடித்த தளம். பதரைக் காற்றில் தூற்றுவதற்கு வசதியாகவே கதவுகளை அப்படி அமைத்தார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளக் கட்டிய கட்டடத்தில், பிப்ரவரி மாதத்தில் முதியவர்கள் உட்கார்ந்து சீட்டாட முடியாது. வெப்பமூட்டுதல், தரைக் காப்பு, கழிவறை என்று ஒவ்வொன்றுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பட்டியல் கட்டட ஒப்புதல் தேவைப்படலாம். ஒப்புதல் இன்றிக் கட்டடத்தின் தன்மையை மாற்றினால் அது குற்றவியல் குற்றம்.

லண்டனின் மேற்குப் புறத்திலேயே மூன்று விதமான முடிவுகளைக் காணலாம். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஹார்மண்ட்ஸ்வொர்த் பெருங்களஞ்சியம் 1420களில் வின்செஸ்டர் கல்லூரிக்காகக் கட்டப்பட்டது. மரபுச் சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பொறுப்பில் உள்ள அதைக் கட்டடமாகவே வைத்து, தன்னார்வலர்களின் துணையோடு குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறக்கிறார்கள். ஹாரோவில் ஹெட்ஸ்டோன் மேனர் என்ற பழைய மாளிகையை ஒட்டிய, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த களஞ்சியம் திருமணங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் வாடகைக்கு விடப்படுகிறது. ரைஸ்லிப் மேனர் பண்ணையில் 13ஆம் நூற்றாண்டுப் பெருங்களஞ்சியத்தைப் பெரிதாக மாற்றாமல் விட்டுவிட்டு, அதே வளாகத்தில் உள்ள சிறிய களஞ்சியத்தை நூலகமாக்கிக்கொண்டார்கள். அன்றாடப் பயன்பாட்டின் சுமையைச் சிறிய கட்டடத்தின் மேல் ஏற்றிய அந்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் வளாகத்தில் மாட்டுத்தொழுவம், வண்டிக் கொட்டகை ஏதாவது இருந்தால் அதையும் குத்தகையில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ஆய்வுப் படிவத்தில் மாதத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை மட்டுமே தேவைப்படும் பயன்பாடுகளை (சந்தை, கண்காட்சி, நாடகம்) ஒருபுறமும், ஆண்டு முழுவதும் தேவைப்படுபவற்றை மறுபுறமும் பிரித்தால், வெப்பமூட்டும் செலவு நியாயமானதா என்பது தானே தெரிந்துவிடும்.

மறுமொழி (ஹாரோ பெற்றோர்)

நான் கட்டட வல்லுநர் அல்லன். வாடகைக்கு இடம் தேடுபவர்களின் தரப்பிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் என்று நம் மக்கள் எப்போதும் கூடம் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். மேடை அழகாக இருக்கிறதா என்பதை நாங்கள் இரண்டாவதாகத்தான் பார்ப்போம். எத்தனை கார் நிறுத்தலாம், வெளியிலிருந்து சமைத்த உணவைக் கொண்டுவர விடுவார்களா, குத்துவிளக்கு ஏற்றலாமா, இரவு எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்த வேண்டும் என்பவைதாம் முதல் கேள்விகள். பழைய மரக் கட்டடத்தில் விளக்கேற்ற யார் விடுவார்கள் என்பது எனக்கே தெரிந்ததுதான். இப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சொல்லாமல் விருப்பத்தை மட்டும் கேட்டால், பிறகு கழன்றுகொள்ளும் பெயர்கள்தாம் உங்கள் பட்டியலில் நிறைந்திருக்கும்.

இன்னொன்று, உள்ளூர் என்பதற்கு எல்லை எது? வெளியூர்த் திருமணங்கள் வருமானம் தரும். சனிக்கிழமைகளையும் அவையே எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி (மன்றப் பொருளாளர்)

அந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள நிலப்பயன்பாட்டு வகைப்பாட்டில், உள்ளூர்ச் சமூகமே முதன்மையாகப் பயன்படுத்தும் கூடங்களுக்கு எஃப்2 என்ற தனி வகை உண்டு. திருமணங்களே முதன்மையாகிவிட்டால் அந்த வகையில் நிற்பது கடினம். எப்போதாவது மது விற்பனையோடு நடக்கும் நிகழ்ச்சிக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுத்தால் போதும். அதன் கீழ் ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. உங்கள் ஊர்ச் சாலை அதில் பாதியைத் தாங்குமா என்பதை அக்கம்பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். களஞ்சியத்துக்கு வராதவர்களின் கருத்தும் உள்ளூர் ஆய்வின் பகுதிதான்.

எசெக்ஸ்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. வீடு வீடாகப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் மன்றச் செயலாளர்களையும் வகுப்பு நடத்துபவர்களையும் நேரில் சந்திக்கப் போகிறேன். நிச்சயமாகப் பதிவு செய்வோம் என்பவர்களிடம் நாள், நேரம், கொடுக்கக்கூடிய மணிநேர வாடகை ஆகியவற்றைக் குறித்துக் கடிதமாகவே வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய வண்டிக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உரிமையாளரிடம் பேசுகிறேன். கட்டட ஆய்வை எப்போது தொடங்குவது நல்லது?

மறுமொழி (மரபுக் கட்டடப் பொறியாளர்)

கூரையில் வௌவால்கள் இருக்க வாய்ப்பு அதிகம். அவையும் அவற்றின் உறைவிடங்களும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. அந்தி நேரத்தில் வெளியே வருவதைக் கணக்கிடும் ஆய்வை மே முதல் செப்டம்பர் வரைதான் செய்ய முடியும். அதைத் தவறவிட்டால் மறு ஆண்டுதான். தகுதி பெற்ற சூழலியலாளரை இப்போதே அமர்த்துங்கள்; கூகைகள் கூடு கட்டியிருக்கின்றனவா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.