புதுப்பிப்பு: அம்மாவின் போனுக்கு எந்தச் செயலி?

கல்லடியில் இருக்கும் அம்மாவின் பழைய போனில் 16 ஜிபிதான் இடம். டுபாயில் இருக்கும் தம்பியோடு பேச இலவசச் செயலி எது நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் சிக்னல் என்றீர்கள், சிலர் டெலிகிராம்.

இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சிக்னல் எனக்குப் பிடித்தது: லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது, விளம்பரம் இல்லை. ஆனால் அம்மாவின் ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை. கோயில் குழு, மாதர் சங்கம், மீன் கொண்டுவரும் அண்ணன், எல்லாரும் வாட்ஸ்அப்தான். டெலிகிராமில் எழுதும் செய்திகளுக்கு, 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத பூட்டு. அதை அம்மாவுக்கு விளக்க என்னால் ஏலாது.

அப்புறம், யாரும் சொல்லாத சிக்கல் ஒன்று. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், அழைப்புப் போகாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசலாம். சரி, தம்பிக்காக அப்படி அனுமதி பெற்ற போட்டிம் (Botim), மற்ற எல்லாருக்கும் வாட்ஸ்அப் என்று முடிவு. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட்டேன். இவ்வளவு நாளும் போனை நிரப்பியது காலை வணக்கப் பூப்படங்கள்தான்!