அப்பா சுற்றிய வெள்ளைக் கயிறு: எந்த நுரையீரல் மருத்துவரிடம் காட்டுவது?

மேட்டுவீட்டுக்காரி, கோத்தகிரி

அப்பாவுக்கு 72 வயது. கடைவீதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் மேட்டில் முன்பெல்லாம் தோளில் அரிசி மூட்டையோடு நிற்காமல் வருவார். இப்போது வெறுங்கையோடு மூன்று இடத்தில் நிற்கிறார். அதற்கு ஒரு சாக்கும் வைத்திருக்கிறார்: ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிறாராம். ஒரே நோட்டீஸை இரண்டு மாதமாகப் படிக்கிறார்.

வறட்டு இருமல் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. காசநோய் என்று முதலில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை. பிறகு ஆஸ்துமா என்று உறிஞ்சும் மருந்து. அதிலும் பலனில்லை. போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில், இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் வலை போன்ற நிழல், நெஞ்சுச் சவ்வில் சுண்ணாம்புத் திட்டுகள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்த இளம் மருத்துவர் நிமிர்ந்து, "ஐயா, என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அப்பா 1973இல் இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கியவர். 1978 முதல் 2014 வரை இந்தப் பக்கத்து டீ பேக்டரிகளில் ஃபிட்டர். தேயிலையைக் காய வைக்கும் ட்ரையருக்குச் சூட்டுக் காற்று அனுப்பும் விறகு ஹீட்டரின் கதவுகளில், இடுக்கை அடைக்க வெள்ளைக் கயிறு பதிப்பது அவர் கை வேலை. பழைய கயிறு கருகி இறுகியிருக்கும். அதை உளியால் சுரண்டி, வாயால் ஊதித் தள்ளி, புதுக் கயிற்றைக் காடியில் வைத்துச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பார்களாம். இலை வரத்துக் குறையும் ஜனவரியில்தான் இந்த வேலை நடக்கும். குளிருக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். "தரையெல்லாம் உறைபனி விழுந்த மாதிரி இருக்கும்" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அவருக்குக் கூரை ஷீட் மட்டும்தான். கயிறும் அதே கல்நார்தான் என்று மருத்துவர் சொன்னதை அவர் இன்னும் நம்பவில்லை. "ஷீட் உடையும். இது பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்குமே" என்கிறார்.

கல்நார் நோய், அதாவது கல்நார்த் தூசியால் நுரையீரலில் வடு விழும் நோய், தெரிந்த நுரையீரல் நிபுணரிடம் காட்டும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒருவரை எங்கே தேடுவது? ஊட்டியா, கோவையா, வேலூரா? மலை இறங்கினால் இரண்டாவது வளைவிலேயே அப்பாவுக்கு வாந்தி. வீணாக ஒரு தடவைகூட அவரை அலைக்கழிக்க முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் வீட்டு வெந்நீர் பாய்லரின் புகைக்குழாய் மூட்டில் அப்பா சுற்றிய அதே கயிறு 20 வருடமாக இருக்கிறது. ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. அதை என்ன செய்வது?

பழைய எக்ஸ்ரேக்காரன், குன்னூர்

அம்மா, முப்பது வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கல்நார் மருத்துவர் என்று யாரும் பலகை மாட்டியிருக்க மாட்டார்கள், தேடிக் களைக்காதீர்கள். நெஞ்சக மருத்துவத்தில் எம்.டி. படித்து, ஐ.எல்.டி. எனப்படும் நுரையீரல் வடு நோய்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். போனில் நேரம் கேட்கும்போதே "ஐ.எல்.டி. பார்ப்பீர்களா, டி.எல்.சி.ஓ. பரிசோதனை அங்கேயே உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பல இடங்களில் இருக்கிறது. நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு கடக்கிறது என்று அளப்பது டி.எல்.சி.ஓ. அது பெரிய இடங்களில்தான் கிடைக்கும். வடு நோயில் அந்த அளவு குறையும்.

முதலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். மலை இறங்க வேண்டாம். அவர்கள் கடிதம் கொடுத்தால் அடுத்தது கோவை அரசு மருத்துவமனை. அங்கும் சந்தேகம் தீராவிட்டால் வேலூர் சி.எம்.சி. மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்தால் காட்பாடியில் இறங்கிவிடலாம். வளைவுகளுக்குப் பகலிலேயே, வெறும் வயிற்றில் இல்லாமல், முன் இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.

ஸ்கேன் என்றால் எச்.ஆர்.சி.டி., நுரையீரலை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் சி.டி. ஸ்கேன். குப்புறப் படுக்க வைத்தும் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் பின்பக்க அடியில் தானாகவே ஒரு நிழல் விழும். அது வடுவா வெறும் அழுத்தமா என்பது குப்புறப் படுத்தால் தெரிந்துவிடும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பிலிமும் சி.டி.யும் வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இடையிடையே காகிதம் வையுங்கள்.

சுண்ணாம்புத் திட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது புற்றுநோய் அல்ல. கல்நார் உள்ளே போனதற்கு உடம்பு வைத்த முத்திரை.

ஷீட் கம்பெனிக்காரர் தம்பி, மேட்டுப்பாளையம்

சகோதரி, என் அண்ணன் சமவெளியில் ஒரு சிமெண்ட் ஷீட் தொழிற்சாலையில் மூட்டை பிரிக்கும் வேலை பார்த்தவர். நான்கு மருத்துவர்கள் பார்த்தும் யாருக்கும் பிடிபடவில்லை. ஐந்தாமவரிடம் ஒரே ஒரு தாள் கொண்டுபோனோம். எந்த வருடம், எந்த இடம், கையால் என்ன செய்தார், அறை மூடியிருந்ததா, மூக்கில் என்ன கட்டியிருந்தார் (துண்டுதான்), பீடி எத்தனை, எப்போது விட்டார். அவர் அதைப் படித்துவிட்டு முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். என்னையும் கேட்கச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள் ஷூவின் ஒட்டுப் பட்டையைப் பிரிக்கும் சத்தம், ஒவ்வொரு முறை மூச்சை உள்ளே இழுத்து முடிக்கும்போதும். இன்னும் காதில் இருக்கிறது.

தூசி போன வருடத்துக்கும் நோய் வரும் வருடத்துக்கும் இடையில் 20, 30, 40 வருடம் ஓடிவிடும். அதனால்தான் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. ஏறிய வடு இறங்காது. ஆனால் அது வேகமாக ஏறினால் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை உண்டு. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் ஆக்சிஜன். பீடி மட்டும் கூடவே கூடாது. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு. ஒரு பக்க நெஞ்சு வலி, எடை இறக்கம், சளியில் ரத்தம், இதில் எது வந்தாலும் அப்பாயிண்ட்மெண்ட் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். என் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்தபோது நாங்கள் பொங்கல் முடியட்டும் என்று இருந்துவிட்டோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியின் அளவோடு எந்த ஊரில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே மனிதருக்குக் கோவையில் சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

பாய்லரை இன்றே நிறுத்துங்கள். கயிற்றைக் காய்ந்த நிலையில் தொடாதீர்கள், பெருக்காதீர்கள். அசையாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். அவர் சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, தூசிக்கான சரியான முகக்கவசத்தோடு ஈரமாகவே எடுத்து, இரண்டு பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்ட வேண்டும். அப்பாவை எடுக்க விடாதீர்கள். "நான் சுற்றியது, நானே அவிழ்க்கிறேன்" என்பார்.

அவருடைய வேலைச் சட்டையை வீட்டில் துவைத்தது யார்? அம்மா என்றால் அவரையும் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சங்கத்துக்காரன், ஊட்டி

சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே கல்நார் நோய் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. 2025 நவம்பரில் இவற்றின் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆகவே நோயின் பெயரை மருத்துவர் தாளில் தெளிவாக எழுதும்படி கேளுங்கள். 'நாள்பட்ட இருமல்' என்று எழுதிய சீட்டு எதற்கும் உதவாது.

கல்நார் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27இல் தீர்ப்புச் சொன்னது. வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது விலகியதிலிருந்து 15 வருடம், இதில் எது பிந்தையதோ அதுவரை தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும். உங்கள் அப்பா கணக்கில் 2029. டீ பேக்டரிக்கு இது பொருந்தாது என்று முதலாளி வாதிடுவார். வாதிடட்டும். பதிவுத் தபாலில் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பழைய சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்ததா என்றும் பாருங்கள்.

மேட்டுவீட்டுக்காரி, கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. ஊட்டி போய்வந்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி அப்பாவின் வேலை விவரத்தை எழுதிய தாளை மருத்துவர் இரண்டு முறை படித்தார். முதுகில் வைத்துக் கேட்டார், நானும் கேட்டேன். அதே ஒட்டுப் பட்டைச் சத்தம். வியாழக்கிழமை ஸ்கேன், பிறகு டி.எல்.சி.ஓ.வுக்குக் கோவை. அம்மாவின் எக்ஸ்ரேக்கும் சீட்டு வாங்கிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா தாளை வாங்கி, ஓரத்தில் இரண்டு பெயர்களை எழுதினார். அவரோடு உட்கார்ந்து கயிறு தட்டியவர்களாம். ஒருவர் இப்போது இல்லை, இருமி இருமியே போனாராம். இன்னொருவர் அரவேனுவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம். அவர் வீடு எங்கள் வீட்டைவிடப் பெரிய மேட்டில் இருக்கிறது. ஜீப் பேசிவிட்டேன்.