டெம்ப்ளேட்டுக்குத் தமிழ்: வார்ப்புரு போதுமா, நிரப்புரு வேண்டுமா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

சில இடங்களை மட்டும் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வடிவமைப்புக் கோப்பைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். அதற்கு நிரப்புரு என்று எழுதலாமா என்றேன். வார்ப்புரு என்று ஒரு சொல் நிலைபெற்றிருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஐயா கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புருவுக்கு ஒரு பெயர்வெளியே, அதாவது அவ்வகைப் பக்கங்களுக்கென்று தனிப் பிரிவே, இருக்கிறது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் அந்தச் சொல்லை நம்பி நிற்கின்றன. அதை அங்கிருந்து எடுக்கச் சொல்லவில்லை. எனக்குச் சொல் வேண்டியிருப்பது விலைப்புள்ளியில் (கொட்டேஷனில்) எழுத.

கோவையில் மூன்று பேர் கொண்ட சின்ன வடிவமைப்புக் கடை எங்களுடையது. போன வருடம் ஒரு நகைக்கடையின் விளம்பரப் பிரிவுக்கு டெம்ப்ளேட் செய்துகொடுக்கும் வேலை வந்தது. வாராவாரம் விலையையும் படத்தையும் அவர்களே மாற்றிக்கொள்ள வேண்டும், ஆனால் இலச்சினை (லோகோ), நிறம், எழுத்துரு (ஃபான்ட்) மூன்றும் மாறக்கூடாது. தமிழிலேயே எழுதலாமே என்று ஆசையாக “24 வடிவமைப்பு மாதிரிகள்” என்று விலைப்புள்ளியில் எழுதினேன். 24ம் செய்துகொடுத்த பிறகு அவர்களின் மேலாளர் கூப்பிட்டார். “மாதிரி எல்லாம் பார்த்துட்டோம் சார், ஆறு பிடிச்சிருக்கு. அந்த ஆறுக்கு பில் போட்டுடுங்க.” அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. துணிக்கடையில் மாதிரி என்றால் காட்டுவதற்கு வெட்டிய துண்டு. பிடித்தால் எடுப்போம், பிடிக்காவிட்டால் விடுவோம். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார், நான்தான் தவறாக எழுதியிருக்கிறேன். பதினெட்டு வடிவமைப்புக்கான கூலி அந்த ஒரு சொல்லில் போனது.

படிவம் என்று எழுதினால் விண்ணப்பம் என்று நினைக்கிறார்கள். அதை விட்டுவிட்டேன்.

சரி, பொருளைப் பார்ப்போம். இன்ஸ்டாகிராமுக்கான ஒரு சதுரம், 1080க்கு 1080 பிக்சல். மேலே இடது மூலையில் இலச்சினை, கீழே அரக்கு நிறப் பட்டை. இரண்டும் பூட்டப்பட்டவை, தொட்டால் நகராது. நடுவில் நகையின் படத்துக்கு ஓர் இடம், அதன் கீழே விலைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தக் கடையில் இருக்கும் பெண் அதைக் கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் திறந்து, படத்தையும் விலையையும் மாற்றி, ஐந்து நிமிடத்தில் வெளியிட வேண்டும். அவர் வடிவமைப்பாளர் இல்லை, ஆகவும் வேண்டாம். எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது என்பதில்தான் எங்கள் உழைப்பு முழுக்க இருக்கிறது. எல்லாவற்றையும் திறந்து வைத்தால் மூன்றாம் வாரம் இலச்சினை மஞ்சளாகிவிடும். எல்லாவற்றையும் பூட்டினால் அது வெறும் படம்.

வார்ப்புரு எனக்கு நெருடுவது இங்கேதான். சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு கூட்டுக்கு ஒரு சிலை. எல்லா வார்ப்பும் அப்படியல்ல, அச்சுவெல்லப் பலகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம் என்பீர்கள், உண்மை. ஆனால் அங்கேயும் வெல்லம்தான் வெளியே வருகிறது, பலகை பின்னால் நின்றுவிடுகிறது. எங்கள் பொருளில் அப்படி இல்லை. இலச்சினையும் பட்டையும் நிரப்பியதோடு சேர்ந்தே வாடிக்கையாளர் கைக்குப் போகின்றன.

முறுக்கு அச்சை எடுத்துக்காட்டி அச்சு என்றே சொல்லலாமே என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அழகான எண்ணம், மாவை மாற்றலாம், வில்லையை மாற்றலாம், எங்கள் வேலைக்கு வெகு பக்கத்தில் வருகிறது. ஆனால் எங்கள் தொழிலில் அச்சுக் கோப்பு என்றால் வெட்டுவதற்காக ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. கை வைப்பதற்காகவே செய்யும் கோப்புக்கும் அதே பெயர் என்றால் அச்சகத்தில் குழப்பம் வரும்.

இதற்கு நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய பழைய பொருள் சிவகாசிக் காலண்டர் என்று நினைக்கிறேன். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிடுவார்கள். முருகனோ லட்சுமியோ அட்டையில் தயாராக இருக்கும், கடைப்பெயர் போடும் இடம் மட்டும் காலியாக இருக்கும். மளிகைக்கடைக்காரர் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தால் அந்த இடம் நிரம்பும். நிரம்பிய அட்டையேதான் வீட்டுச் சுவருக்குப் போகிறது. ஆக, நிரப்புதல் என்பதுதான் இதன் உயிர்.

அதனால் நிரப்புரு. நிரப்பு என்னும் வினையடியோடு உரு சேர்ந்த வினைத்தொகை. ஊறுகாய் எப்படி ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரிகிறதோ அப்படியே நிரப்பிய உரு, நிரப்புகின்ற உரு, நிரப்பும் உரு. போன வாரம் நிரப்பினார்கள், இன்று நிரப்புகிறார்கள், தீபாவளிக்கும் நிரப்புவார்கள், கோப்பு ஒன்றே. இந்த இலக்கணம் இந்தப் பொருளுக்கென்றே காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது, அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. எழுத்துரு, வார்ப்புரு என்ற குடும்பத்திலும் ஒட்டிக்கொள்கிறது.

டெம்ப்ளேட் என்றே விட்டுவிடலாம் என்ற தம்பிக்கு: பேச்சில் அது இருக்கட்டும், நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் தமிழில் டெம்ப்ளேட் கதை, டெம்ப்ளேட் பதில் என்றால் சரக்கு இல்லாதது என்று பொருள் வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று மனம் சொல்கிறது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். படமோ விலையோ வரப்போகும் அந்தக் காலி இடத்துக்கு இடம்பிடி என்று வைக்கலாமா? பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை அறியாத தமிழர் உண்டா? இது ஏன் முக்கியம் என்றால், தமிழ் நிரப்புரு கெட்டுப்போவது இடம்பிடியில்தான். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டியில் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியின் ‘கூ’வுக்கு வால் வெட்டுப்படும், கீழ்வரியின் ‘கி’யில் கொக்கி மேலே இடிக்கும். அப்புறம் எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய நிரப்புருவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். அதனால் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவில்தான் வேண்டும் என்று, செய்யச் சொல்பவர்கள் தொடக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இடம்பிடி என்று ஒரு பெயர் இருந்தால் “ஒவ்வொரு இடம்பிடியிலும் இரண்டு வரித் தமிழ் அடங்க வேண்டும்” என்று ஒப்பந்தத்தில் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

பிராண்டுக்கு என்ன சொல் என்பதைத் தனி இழையில் பேசுவோம். இப்போதைக்கு பிராண்ட் நிரப்புரு என்று எழுதிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஒரு மருத்துவமனைக்கு விலைப்புள்ளி அனுப்ப வேண்டும். அதில் இப்படி எழுத எண்ணம்: “நிரப்புருக்கள் 12. ஒவ்வொன்றிலும் பூட்டிய பகுதி, இடம்பிடிகள் எவையென்று பட்டியல் தரப்படும். திருத்தக்கூடிய மூலக் கோப்பு உங்களுக்கே.” நிரப்புருக்கள் என்ற பன்மை நாக்கில் கொஞ்சம் உருள்கிறது, நிரப்புருகள் என்று க் இல்லாமல் எழுதலாமா? ஞாயிறு இரவுக்குள் ஐயா ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கோவையிலிருந்து