தங்குநீர்மம், ஊடுநீர்மம்: பாலாலைச் சவ்வுகளுக்குச் சில சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிலிருந்து நீரைப் பிரிக்கப் பாலாலைகள் பயன்படுத்தும் சவ்வுகளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடும் மடல் இது. அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வின் வழியே கடத்தும் ஆர்.ஓ. (reverse osmosis) முறையை ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’ என்று தமிழகப் பாடநூல்கள் பழக்கிவிட்டதால் அதைக் கலைக்க வேண்டியதில்லை. சவ்வூடு பரவலுக்கு (osmosis) இலங்கையில் வழங்கும் ‘பிரசாரணம்’ சுருக்கமானது, ‘பிரசாரண அமுக்கம்’ என அடுத்த சொல்லோடு எளிதில் ஒட்டக்கூடியது என்றாலும், இங்குள்ள வாசகருக்குப் புதிது. என் தயக்கமெல்லாம் சவ்வின் இரு பக்கமும் வெளிவரும் நீர்மங்களுக்குப் பெயர் வைப்பதில்தான்.

முந்தைய மடலில் ‘தூயநீர், கழிவுநீர்’ என்ற இணை முன்மொழியப்பட்டிருந்தது. வீட்டுக் குடிநீர்க் கருவிக்கு அது பொருந்தும். சவ்வைக் கடந்தது குடத்துக்கும் கடக்காதது சாக்கடைக்கும் போகிறது. பாலாலையில் கதை வேறு. பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். அதன் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது தண்ணீரைப் பிரிக்க நாம் மீற வேண்டிய அழுத்தம், சுமார் 7 பார் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்). ஆகவே 30 முதல் 40 பார் வரை அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைச் சவ்வின் வழியே வெளியேற்றுகிறார்கள். கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என விலைபோகும் அனைத்தும் கடக்காத பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. அதைக் கழிவுநீர் என்றால், ஆலையின் சரக்கையே கழிவில் எழுதியதாகிவிடும்.

நம் அடுக்களையில் இரண்டு வகையும் உண்டு. காபித்தூளை வடிகட்டும்போது இறங்கும் டிகாஷன் நமக்கு, தங்கும் சக்கை குப்பைக்கு. சோறு வடிக்கும்போது தங்குவதே நமக்கு. இறங்கும் கஞ்சியும் வீணாவதில்லை. பாலாலையில் நடப்பது சோறு வடிக்கிற வேலை. ஆகவே மதிப்பைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லும்படி, சவ்வைக் கடந்ததை ‘ஊடுநீர்மம்’ (permeate) என்றும் கடக்காததைத் ‘தங்குநீர்மம்’ (retentate) என்றும் முன்மொழிகிறேன். ‘ஊடுநீர்’ என்று சுருக்கலாமே எனத் தோன்றும்; ஆனால் இன்னும் பெரிய துளைகள் கொண்ட மீநுண் வடிகட்டலில் (ultrafiltration) லாக்டோஸும் உப்புகளும் கடந்துவிடுவதால் அது வெறும் நீராகாது. கடக்காததைத் ‘தேக்கம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை; அந்தப் பக்கத்து நீர்மம் தேங்காமல் சவ்வின் முகத்தை உரசி ஓடிக்கொண்டே இருந்தால்தான் புரதம் படிந்து அடைப்பது குறையும்.

இவ்வாறு நீரைக் குறைப்பதைச் ‘செறிவூட்டல்’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். பாக்கெட்டில் ‘செறிவூட்டப்பட்ட பால்’ என்றிருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் என்று பொருள். அங்கே சேர்க்கிறார்கள், இங்கே நீக்குகிறார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சுவது நாம் அறிந்ததே. இங்கே காய்ச்சாமலே சுண்டுவதால் ‘குளிர்ச்சுண்டல்’ என்று ஆசையாக எழுதிப் பார்த்தேன், கொண்டைக்கடலைதான் கண்முன் வந்தது. இப்போதைக்கு ‘நீர்நீக்கச் செறிவாக்கம்’ இருக்கட்டும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “பாலடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் 6 விழுக்காடாக இருந்த திடப்பொருள், எதிர்ச் சவ்வூடு பரவலால் 18 விழுக்காடாக உயர்ந்ததும், அந்தத் தங்குநீர்மம் டேங்கரில் ஏற்றப்படுகிறது, ஊடுநீர்மம் ஆலைக் குழாய்களைக் கழுவப் பயன்படுகிறது.” இதில் எந்தச் சொல் உங்கள் வாயில் இடறுகிறது என்று எழுதுங்கள்.